உப்புக்கு நேரமில்லை

குறுவைக்குத் தண்ணீர் வந்து இருபதாம் நாள்
கோட்டூர் வயலில் இறங்கினார் ஒனோதெரா,
நடவு இயந்திரத்தோடு ஜப்பானிலிருந்து வந்த மெக்கானிக்.
இறங்கியது முழங்கால்வரை.
இயந்திரம் போய்விட்டது, அவர் நின்றுவிட்டார்.

வரப்பில் நடவாட்கள், ஒன்பது பெண்கள்,
இந்தப் போகம் கூலி பாதிதான் என்று தெரிந்தவர்கள்.
"ஆளுக்குப் பதிலா மெசினுன்னாங்க,
இந்த ஆளைத் தூக்க இன்னொரு மெசினு வேணும்போல"
என்றாள் பவுனாம்பாள்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
ஜபருல்லா டிராக்டர்ஸ் தரும் சம்பளத்தில்
இதெல்லாம் சேராது.

அவருக்குப் புரிந்திருக்கும்.
வலது காலைச் சேற்றிலிருந்து உருவி
பக்கவாட்டில் தோள் உயரம் தூக்கி
ஒரு கணம் நிறுத்தி
இறக்கினார்.
அடுத்த வயல் கொக்குகள் எழுந்து போயின.
பவுனாம்பாள் முகத்தில் தெறித்த சேற்றை
வழிக்க மறந்து பார்த்தாள்.
பிறகு இடது கால்.

மறுநாள் காரில்தான் மிச்சத்தைச் சொன்னார்.
பதினைந்து வயதில் சுமோ கூடத்தில் சேர்ந்தது.
முதலில் கற்றது அரிசி களைய,
மூத்தவர் முதுகு தேய்க்க,
எல்லோரும் தின்றபின் தின்ன.
களப்பெயர் இவாகிரி, பாறையும் பனிமூட்டமும்.
"பாறை பலிக்கவில்லை" என்றார்.

பதினேழு வருடம்.
மேலிருந்து மூன்றாம் பிரிவைத் தாண்டவில்லை.
அதற்கு மேல்தான் சம்பளம், பட்டுக் கச்சை, தனி அறை.
கீழே கறுப்புப் பருத்தி,
ஒரே கூடத்தில் பதினான்கு பேர் குறட்டை.

ஒருமுறை, மூன்று வெற்றி மூன்று தோல்வி,
ஏழாவது ஆட்டம்.
எதிராளியை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார்.
நடுவரின் விசிறி எதிராளி பக்கம் திரும்பியது.
வைக்கோலுக்கு வெளியே, சீவிவைத்த மணலில்
ஒரு கட்டைவிரல் தடம்.
யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை,
வேகம் கூடிவிட்டது.

"வைக்கோலா?" என்றேன்.
களம் களிமண், விளிம்பு வைக்கோல் கட்டு,
காலி பீர் பாட்டிலால் தட்டித் தட்டி உருவாக்குவார்களாம்.
சொன்னதும் டிரைவர் சந்தனசாமி
"ரெண்டுமே நம்ம ஊர்ல நெறையக் கெடக்கே" என்றான்.

கொண்டையை அறுத்த நாளைக் கேட்டேன்.
"மறுநாள் ஷாம்பூ வாங்கினேன்."
அப்புறம் திருத்துறைப்பூண்டிவரை பேச்சில்லை.

அகஸ்தியம்பள்ளியில் காரை நிறுத்தச் சொன்னார்.
பாத்திகள், பாத்திகள், கரையெல்லாம் உப்புக் குவியல்.
வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை,
அவர் திறந்தே வைத்திருந்தார்.

மேல்பிரிவுக்காரர்கள் மோதுமுன் உப்பை வீசுவார்கள்,
களம் சுத்தமாக.
எங்களுக்கு நேரமில்லை. ஏறு, மோது, இறங்கு.
அவர்கள் வீசிய உப்பை
அவர்கள் முதுகிலிருந்து தேய்த்திருக்கிறேன்.

மேஸ்திரியிடம் ஒரு பிடி கேட்டேன்.
"பிடி உப்புக்கு ஜெயிலுக்குப் போனதெல்லாம்
அந்தக் காலம். அள்ளச் சொல்லுங்க."

குனிந்து அள்ளினார். கையில் எடை பார்த்தார்.
பாதியைத் திரும்பக் கொட்டினார்.
பிறகு வீசினார்,
பழக்கமில்லாத கை, அவ்வளவு உயரம் போகவில்லை.
கடல்காற்று கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து
என் டீயில் போட்டது.
கப்பில் பாதி இருந்தது.
குடித்தேன்.

சாயங்காலம் கோட்டூரில்
மெசின் தப்பவிட்ட இடங்களில்
குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர்.
நேற்றைய கால்குழிகளில் தண்ணீர் நின்று
நாற்று மிதந்தது.
பவுனாம்பாள் மண்ணைத் தள்ளி மூடினாள், நட்டாள்,
நிமிராமலே சொன்னாள்:
"இந்த ரெண்டு குழிக்கும் தனிக் கூலி.
சொல்லு அந்த ஆளுகிட்ட."

இதை மொழிபெயர்த்தேன்.